சிவப்புப் புள்ளி இல்லாத தட்டுகள்

எலிவால் அக்காவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க அவளுடைய நாத்தனாருக்குப் பதினெட்டு வருஷமாக மனசு வரவில்லை. பரிமாற எழுந்தால் போதும், "நீங்க உக்காருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை மாதிரித் தெரியும்.

அக்காவுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் செல் வளர்க்கும் வேலை. எலி வாலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார்களைக் குறட்டால் இழுத்து அமிலத்தில் ஊறவைத்தால் ஒரு பசை கிடைக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். கண்ணாடித் தட்டில் அதைத் தடவிக் காயவைத்தால்தான் செல்கள் பிடித்து உட்காரும். உட்கார்ந்த செல்லுக்கு வளர்ச்சிச் சத்து ஊற்றினால், கடுகு மாதிரி உருண்டு கிடந்தது நாலைந்து நாளில் வால் விட்டு நரம்புச் செல் ஆகிவிடும். பசை இல்லாவிட்டால் வாலும் இல்லை. தடவி முடித்த தட்டின் பக்கவாட்டில் அக்கா ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். புள்ளி இல்லாத தட்டை அந்த அறையில் யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து செல்லுக்குத் தீனி மாற்றிவிட்டுப் போவாள். "ரெண்டாங் குடித்தனத்துக்குக் கெளம்பிட்டா" என்பார் அவள் புருஷன். அந்த அறை இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது.

செல்லுக்குள் கைனேஸ் என்று ஒரு வகைப் புரதம் உண்டு. மற்ற புரதங்களின் முதுகில் பாஸ்பேட்டை ஒட்டி, எழுந்து வேலையைப் பார் என்று விரட்டுகிற மேஸ்திரி. கொஞ்ச நேரம் விரட்டினால் செல் பெருகும். விடாமல் விரட்டினால் பெருகுவதை நிறுத்திவிட்டு வால் விடும். மேஸ்திரிகள் பல பேர். அதில் ஒருவனை மட்டும் ஒரு மருந்தால் கட்டிப்போட்டால் வாலே முளைக்காது என்று பேராசிரியர் போன வருஷம் கட்டுரை எழுதிப் பெரிய பெயர் வாங்கிவிட்டார்.

அதற்கு வால் எண்ணிக் கொடுத்தவள் அக்காதான். எது மருந்துத் தட்டு என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் தட்டின் பக்கவாட்டைச் சுற்றிப் பேப்பர் டேப் ஒட்டித்தான் கொடுப்பார்கள். செல்லின் உடம்பைப் போல் இரண்டு மடங்கு நீளம் இருந்தால்தான் அது வால் கணக்கு. பாதித் தட்டுகளில் வாலே இல்லை. இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இந்த வருஷம் வேறொரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு வால் வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். பேராசிரியர் அக்காவையே திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் மருந்துத் தட்டில் வால் ஜம்மென்று முளைத்திருந்தது.

அக்கா குளிர் அறைக்குப் போய், போன வருஷம் பாடம் செய்து வைத்த தட்டுகளை எடுத்து டேப்பை உரித்தாள். மருந்தில்லாத ஆறிலும் புள்ளி இருந்தது. மருந்துத் தட்டு ஆறில் ஒன்றில்கூட இல்லை.

தட்டுகளைத் தயார் செய்தது பேராசிரியரின் உதவியாளர். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும் என்பதால் அக்கா அவருக்கு வைத்த பெயர் சென்ட்டு.

"பசை பாதியிலயே தீந்துபோச்சுக்கா. நீங்க வேற மூணு நாள் லீவு. அந்த வாலையெல்லாம் யாரு தொடறது, கொமட்டுது."

"சொல்லியிருக்கலாமே."

"ரிசல்ட் நல்லா வந்துச்சு. அதான் சொல்லல."

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள்.

பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "புள்ளி வெக்கறது உங்க வேலைதானே. மறந்திருப்பீங்க. இப்ப வெச்சுடுங்க."

"மறக்கல சார். அது பசையில்லாத தட்டு."

"உங்களுக்கு அந்த ரூம் வேணுமா, வேண்டாமா?"

நகம் வெட்டிய, மாசு மருவில்லாத கை. அதிலிருந்து பேனாவை வாங்கவே அவளுக்குக் கூசியது. வாங்கவில்லை. அறைக்குத் திரும்பிப் பதிவேட்டைப் பிரித்து, தன் பழைய கையெழுத்தின் கீழே தன் பேனாவால் எழுதினாள்: 'எண்ணிக்கை சரி. தட்டில் பசை இல்லை.'

மறுநாள் செல் அறையின் சாவி சென்ட்டின் கைக்குப் போனது. அக்காவைப் பாத்திரம் கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் புது மருந்துக்கு வைத்த தட்டுகள் கழுவ வந்தன. பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டிலும் அழகான சிவப்புப் புள்ளி. பசை தடவிய தட்டைத் தேய்த்தால் பாலாடை போல ஒரு படலம் உரிந்து வரும். ஆறு தட்டில் வந்தது. மிச்ச ஆறையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வெறும் கண்ணாடி.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது நாத்தனார் வந்திருந்தாள். வேலை மாறிய விஷயம் காதுக்கு எட்டியிருந்தது.

"இப்பத்தான் அண்ணி கை சுத்தமாச்சு. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, உங்க கையால குடிக்கறேன்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். ஒரு நகத்தின் ஓரத்தில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

"இரு, கழுவிட்டு வரேன்" என்று குழாயடிக்குப் போனாள்.