மோப்பக்காரியின் தம்பி

பழைய இரும்பை உருக்கும் ஆலையில் நான் எடைமேடை எழுத்தராக இருந்தபோது, வாசல் கருவியைக் கவனித்த பெண்ணை லாரிக்காரர்கள் மோப்பக்காரி என்பார்கள். உள்ளே வரும் லாரியில் கதிர்வீச்சு இருந்தால் வாசல் தூண்களில் மணியடிக்கும். உடனே லாரியை ஒதுக்குப்புறத்தில் நிறுத்தச் சொல்வாள். கைக்கருவியின் இரைச்சலைக் கேட்டபடி, தள்ளி நின்றே லாரியைச் சுற்றி வருவாள். இரைச்சல் கூடும் பக்கம் யாரையும் விடமாட்டாள். லாரியின் ஓட்டுநர் மட்டும் அவள் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது; அது அவள் வைத்த சட்டம்.

அந்தச் சமயம் அவள் முகம் சரியில்லை. அதே ஆலைக்கு லாரி ஓட்டும் தம்பி, ஊருக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளைத்தாய்ச்சியான மகள், மாமா எங்கே என்று கேட்டு அரிக்கிறாளாம். தான் ஏதோ சொல்லிவிட்டதாக அவனுக்குக் கோபம் என்று என்னிடம் புலம்புவாள்.

ஒரு காலையில் அந்தத் தம்பியின் லாரிக்கே மணியடித்தது. இறங்கி வரத் தயங்கினான். அதட்டியதும் வந்தான். அவனைக் கூடவே நடக்கவைத்து லாரியைச் சுற்றினாள். நாலு பக்கமும் கருவி ஒரே மாதிரி கத்தியது. லாரியை விட்டு இருவரும் வெகுதூரம் வந்தும் சத்தம் விடவில்லை. பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். கருவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றேன் நான்.

தம்பி சுவரோரம் போய் நின்றான். இரைச்சல் அடங்கியது. அவள் கருவியை மெல்ல அவன் பக்கம் திருப்பினாள்.

“என்னடா இது?”

“கழுத்துல ஒரு கட்டி, அக்கா. கெட்ட கட்டியாம். ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மிச்சத்தைக் கருக்கக் கதிர்வீச்சு மருந்து உள்ளுக்குக் குடுத்திருக்காங்க. கொஞ்ச நாள் மாசமா இருக்கறவங்க பக்கமே போகாதன்னாங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா பக்கத்துல வந்து உக்காந்துக்குவ.”

அவள் ஓரடி முன்னால் வைத்தாள். கருவி கத்தியது. அதைப் பிடித்தபடியே பின்னால் நடந்து, சத்தம் சாதாரணமாகும் இடத்தில் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

“ஆபரேஷன் அன்னிக்கு உன்கூட யாருடா இருந்தா?”

யாருமில்லை என்றான்.

அதற்குப் பிறகு அவள் திட்டிய திட்டு ஆலை முழுக்கக் கேட்டது. அவன் தலையைக் குனிந்து, சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த லாரி வாசலில் ஹாரன் அடித்தது. அதை உள்ளே விடாமல் நான் நிறுத்திவைத்தேன்.