வாசல்வரை போன சங்கிலி

கைப்பேசியைப் பார்த்துப் பின்னிக்கொண்டிருந்த மகள், "ஊசி நுழையவே மாட்டேங்குதும்மா!" என்று நூலை வீசினாள். எடுத்துப் பார்த்தேன். கண்ணிகள் கல்லாக இறுகியிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அருப்புக்கோட்டையில் நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, தையல் டீச்சர் கொக்கி முனை வைத்த குரோஷா ஊசியைக் கொடுத்து, சங்கிலித் தையல் போடச் சொன்னார். எங்களுடையது தறி வீடு. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு இறுக்கித்தான் பழக்கம். அதே கையோடு ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கினேன். அடுத்த கண்ணிக்கு ஊசி நுழையவில்லை.

"தறிக்காரப் புள்ளைக்கு நூலப் புடிக்கத் தெரியலடி!" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் பாண்டியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டில் ஆடுகள் உண்டு.

"ஏன்டி கழுத்த நெரிக்கிற? ஆட்டுக்குக் கயிறு கட்டுறாப்புல தளர விடு. ரெண்டு வெரலு நுழையணும்."

விட்டேன். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தபோது என் சங்கிலி பெஞ்சிலிருந்து வாசல்வரை நீண்டு கிடந்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் பாவாடையைத் தூக்கிப் பிடித்து அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

"ஆட்டுக் கழுத்துன்னு நெனச்சுக்கோ" என்றேன் மகளிடம். ஆட்டைக் கட்டியே அறியாத பிள்ளை. ஆனாலும் விரலைத் தளர்த்தினாள்.

"ம்மா, நுழைஞ்சிருச்சு!"