பயமில்லாத அக்கா

பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதித் தேறியவள் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். தொண்ணூற்றொன்றில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஊசி மருந்து செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, வடக்குப்பட்டில் பஸ் ஏறுகையில் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

எங்கள் வேலை, குப்பிகளைப் பார்ப்பதுதான். மூடிய அறை, மேஜைக்கு மேஜை ஒரு டியூப் லைட், அதன் பின்னால் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு பலகை. மருந்து அடைத்த கண்ணாடிக் குப்பியைக் கழுத்தில் பிடித்துச் சுழற்றி வெளிச்சத்தில் காட்ட வேண்டும். உள்ளே நூலோ கண்ணாடித் தூளோ சுற்றினால் கழிவுத் தட்டு, இல்லையென்றால் நல்ல தட்டு. நல்ல தட்டில் போனது யாரோ ஒருவருடைய இரத்தத்தில் போகும்.

ஆரம்பத்தில் அது வெறும் சுமைதான். தட்டு குவியும், சூப்பர்வைசர் கத்துவார், கழுத்து வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து மீன் குழம்பு சாப்பிட்டால் போய்விடும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போகாமல் நின்றது. ஒரு மத்தியானம் வீட்டில் சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனவள், குடிக்காமல் சுழற்றிப் பார்த்தேன். உள்ளே ஏதோ மினுங்கியது. கொட்டிவிட்டு வேறு மொண்டேன். அதிலும் மினுங்கியது. ஆளில்லாத தெரு வெயிலில் டியூப் லைட்டின் ரீங்காரம் கேட்டது. எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் டியூப் லைட் கிடையாது. தட்டும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை, ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. எதையோ பார்க்காமல் விட்டுவிட்டேன். எங்கோ யாருக்கோ அது இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.

அம்மா காத்து கருப்பு என்றாள். "கம்பெனில உன் பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு கீதே, அதப் பாத்து கத்துக்கோ. எம்மாம் அமைதி."

அந்த அக்கா எங்களுக்கு அடுத்த ஊருக்கு வாழ வந்தவள். ஒரே பஸ். முன்பெல்லாம் கண்டக்டரை வம்புக்கு இழுத்துப் பஸ்ஸையே சிரிக்க வைப்பாள். மாதக் கணக்கில் ஓவர்டைம் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. யார் திட்டினாலும் முகம் மாறாது. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள், கொஞ்ச நேரம் பார்ப்பாள், மூடிவிடுவாள். அதை நான் தைரியம் என்று நினைத்தேன். பயம் தொலையட்டும் என்று அவளைப் போலவே உட்காரப் பழகினேன்.

அன்றும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பியைச் சுழற்றினாள். கறுப்புப் பலகைக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லு பளிச்சென்று எழுந்து, மெல்லச் சுற்றி இறங்கியது. அது அடியில் படியும்வரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு நல்ல தட்டில் வைத்தாள்.

"அக்கா, அதுல கண்ணாடி கீது."

"ஆமா, பாத்தேன்."

"பாத்துட்டா வெச்சே?"

"எதுல வெச்சா இன்னா."

குரலில் கோபமில்லை, சலிப்புகூட இல்லை. எனக்கு உடம்பு சில்லிட்டது. நான் போக நினைத்த இடத்துக்கு அவள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கே யாரும் இல்லை.

அவள் தட்டு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும், அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டும்போது வந்த லாரியைப் பார்க்கவும் இல்லை.

அவள் வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். கொஞ்ச நாள் அக்காவை வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் என்னைத்தான் உற்றுப் பார்த்தார்.

"அவளுக்கு இன்னா? கல்லாட்டம் கீறா. உனக்குத்தான் ஏதோ புடிச்சிகினு கீது."

வேப்பிலைக் கொத்தை ஒடித்துவந்து என் தலையிலிருந்து கால்வரை வீசி மந்திரிக்கத் தொடங்கினார்.

"எனக்கு கீறது பயம், பெரிம்மா. அக்காவுக்கு அதுகூட இல்ல. ஒரு தபா அவங்களப் பாருங்க."

என் ஆறுதலுக்காகத்தான் கொத்தை மருமகள் பக்கம் திருப்பினார். ஈர்க்கு அக்காவின் கண்ணில் உரசியது. அவள் கை எழவில்லை, முகம் விலகவில்லை. கண் சிவந்து நீர் இறங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை. வேறு யார் கண்ணிலோ பட்டதுபோல நின்றாள்.

மாமியாரின் கை பாதியில் நின்றது. "ஏம்மா," என்று கூப்பிட்டார். இன்னொரு முறை, இன்னும் மெதுவாக.

பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கி அவ வரமாட்டான்னு சொல்லிடு."