போர்த் தெய்வத்தின் வெட்கப்படும் மகள்

அரைத் தெய்வமாக இருக்கிறதும் ஒரு வேலைதான்; நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத என்னைப் போன்ற ஆட்களுக்கு அது கடும் வேலை.

யாழ்ப்பாணத்து அரியாலையில் ஒரு ரியூசன் வகுப்புக் கொட்டிலைக் கூட்டித் துடைக்கிறனான். ஞாயிறு பின்னேரம் அங்கே சுகந்தி ரீச்சரும் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் வினோவும் ரமணனும் மேசையைச் சுற்றி இருந்து பழைய ரோமாபுரிக் கதை விளையாடுவினம். ரீச்சர் கதை சொல்லுவா. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேணும். சொன்னது பலிக்குமோ இல்லையோ என்று இருபது முகப் பகடை சொல்லும். எங்கடை பாத்திரங்களுக்குத் தாய் மனுசி, தகப்பன் தெய்வம். அதுதான் அரைத் தெய்வம். ஒரு ஆள் குறையுது என்று, எட்டாம் வகுப்போடை நின்ற என்னைப் போர்த் தெய்வத்தின் மகளாக்கிச்சினம்.

எனக்கு அப்போது வேறு யோசனை. என்ரை மகளுக்கு மூன்றரை வயது, 'அம்மா'வைத் தவிர ஒரு சொல்லும் வரேல்லை. மாதாமாதம் கிளினிக்குக்குக் கொண்டு போவன்; கேட்கப் போனதைக் கேட்காமலே திரும்பி வருவன்.

வாசலில் செருப்பு

முதல் நாள். கதையில் ஒரு கோயிலுக்குள் எதிரிகள் ஒளித்திருக்கினம். "என்ன செய்யிறீங்கள்?" என்று ரீச்சர் கேட்டா. "செருப்பைக் கழட்டி, கால் கழுவிப்போட்டு உள்ளை போறன்" என்றன். வாளோடை சாமிக்கு முன்னால் நிற்கிறதும் சரியில்லை என்று அதையும் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தன். உள்ளே மூன்று பேர் கத்தியோடை நின்றார்கள். என்னைக் காப்பாற்ற வந்த ரமணனுக்குத் தோளில் காயம்.

வினோ சொன்னாள்: "அக்கா, செருப்பாவது கிடக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

விருந்து

ஒரு பிரபு வீட்டில் பொரித்த மயிலும் தேனும். மற்ற இரண்டு பேரும் உடனே கை வைத்திட்டினம். முதல்தரம் போன வீட்டில் அப்படிச் சாப்பிடுகிறதோ? "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்றன். பிரபு மூன்றுதரம் கேட்டார், மூன்றுதரமும் அதையே சொன்னன். சாப்பாட்டில் நஞ்சு. இரண்டு பேரையும் வெளியே இழுத்துக்கொண்டு வர நான் ஒருத்திதான் மிஞ்சினன்.

ரமணன் சொன்னான்: "உங்கடை வெக்கத்துக்கும் ஒருநாள் வேலை வந்திட்டுது, அக்கா."

சபை

அந்தச் சந்தோசம் நீளேல்லை. வினோவின் பாத்திரத்தைப் பொய்க் குற்றம் சாட்டிச் சபையில் நிறுத்தினார்கள். உண்மையைக் கண்ட சாட்சி நான் மட்டும். "சொல்லுங்கோ" என்றா ரீச்சர். மேசையில் இருந்தது தெரிந்த மூன்று பேர்தான். ஆனாலும் சொல்லாமல் பகடையை எடுத்தன். "வாய் திறக்காததுக்குப் பகடை இல்லை" என்று ரீச்சர் அதை வாங்கி வைத்தா. தீர்ப்பு மரணம்.

வினோ தன்ரை பாத்திரத்தை எழுதின தாளை இரண்டாய் மடித்துப் பைக்குள் வைத்தாள். கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் கூடச் சுட்டது.

"என்ன சொல்ல நினைச்சனீங்கள் எண்டாவது இப்ப சொல்லுங்கோ, அக்கா" என்றாள்.

கிளினிக்

அடுத்த கிழமை கிளினிக். மகளை நிறுத்து நிறையை எழுதிப்போட்டு, நேர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டா. நான் எழும்பவில்லை.

"என்ரை பிள்ளை கதைக்கிறாள் இல்லை. எல்லாரும் வெக்கம் எண்டினம். வெக்கம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும், இது அது இல்லை. பின்னாலை நிண்டு கூப்பிட்டால் திரும்புறாள் இல்லை."

நேர்ஸ் பேனையை வைத்தா. மகளுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினா. இன்னொருக்காத் தட்டினா. மகள் என்ரை சட்டைத் தொங்கலோடை விளையாடிக்கொண்டே இருந்தாள். காது பார்க்கிற டொக்டருக்குத் துண்டு எழுதித் தந்தா.

தந்துபோட்டுக் கேட்டா: "இவ்வளவு வடிவாச் சொல்லுறீங்கள், ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

ரோமாபுரியில் ஒரு ஆளைச் சாகக் குடுத்துத்தான் எனக்கு அந்த நாலு வசனமும் வந்தது; வினோ இப்போது புதுப் பாத்திரம் எழுதியிட்டாள், இந்தமுறை எதுக்கும் இருக்கட்டும் என்று சாட்சிக்கு என்னோடை இன்னொரு ஆளையும் சேர்த்து.