கோட்டுப் பையில் வேறொருத்தி பெயர்

அந்த வெள்ளைக் கோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இடப்பக்கப் பையின் மேல் வரிசையாக ஊசித் துளைகள். அங்கே ஒரு காலத்தில் சிவப்பு நூலில் ஒரு பெயர் இருந்தது. என் பெயர் அல்ல, எனக்கு முன்னால் படித்துவிட்டுப் போன ஓர் அக்காவின் பெயர். அறுபதுகளில் சிங்கப்பூரில் மருத்துவம் படித்த எங்களில் பலர் சீனியர்களின் கோட்டைத்தான் போட்டுக்கொண்டோம். மற்றவர்கள் முதல் வேலையாகப் பழைய பெயரைப் பிரித்துவிடுவார்கள். நான் பிரிக்கவில்லை. சோம்பல் என்று தோழிகளிடம் சொன்னேன். அது பொய். புதிதாக வந்திருந்த பேராசிரியர் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். நான் உளறினால் அவமானம் அந்த அக்காவுக்குப் போய்விடும். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி. நான் எங்கே, டாக்டர் எங்கே என்று படிப்பையே விட்டுவிட நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக்கடைக்காரர் ஒருவர் வார்டுக்கு வந்தார். கடுமையான ரத்தசோகை, காரணம் பிடிபடவில்லை. தமிழ் தெரிந்தவள் என்று கடைசியில் நின்ற என்னை முன்னால் தள்ளினார்கள். மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார் பேராசிரியர்.

“மருந்தெல்லாம் ஒண்ணும் கிடையாது, டாக்டரம்மா.”

இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பின்னால் போயிருக்கலாம். ஆனால் அவர் டாக்டரம்மா என்றதும் கால் நகரவில்லை. எங்கள் அப்பாவும் இப்படித்தான், மளிகைக் கடையில் வாங்குவதை மருந்து என்றே நினைக்க மாட்டார்.

“தலைவலித் தூள் போடுவீங்களா?”

“அது தினம் நாலு பொட்டலம் போடுறேன் லா. இரும்பு தூக்குற முதுகு, வலிக்காதா? அதெல்லாம் மருந்தா?”

மலம் கறுப்பாகப் போகிறதா என்று நானாகவே கேட்டேன். கூச்சத்தோடு தலையாட்டினார். அந்தத் தூள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே ரத்தம் கசிகிறது என்று எனக்கே புரிந்துவிட்டது. பேராசிரியரிடம் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

பேராசிரியர் பையைப் பார்த்து, அக்காவின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்கு வந்ததே கோபம்!

“அது என் பெயர் இல்லை, சார்” என்று வார்டுக்கே கேட்கும்படி என் பெயரைச் சொன்னேன்.

“அப்படியானால் போன வாரம் கல்லீரலை இடப்பக்கம் தேடியது யார்?”

“அதுவும் நான்தான், சார்.”

அன்று சாயங்காலம் நூலகத்தில் இரைப்பை பற்றிய அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். கொட்டாவி வரவில்லை. அதே புத்தகம், அதே மண்டை. என்னதான் மாறியது? நன்றாகப் படித்தால் தைரியம் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு என்னவோ தலைகீழாக நடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தேறி வீட்டுக்குக் கிளம்பும்போது இரும்புக்கடைக்காரர் என் கோட்டைப் பார்த்தார். சிவப்பு நூலை அதற்குள் பிரித்திருந்தேன்.

“உங்க பேரு என்னம்மா? வீட்ல கேப்பாங்க.”

சொன்னேன். அந்தத் துளைகளின் மேல் என் பெயரை நான் தைக்கவே இல்லை. கேட்டால் வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.