மதிலைப் பார்த்துக் கட்டிய லேசோ

ரிசிகிக்குப் பயமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேளைக் கண்டாலும் மாமியாரைக் கண்டாலும் அவளுக்கு நடுக்கம்தான். பணக்காரனுக்குப் பயப்பட மட்டும் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

மொம்பாசாவுக்குத் தெற்கே கிவுகோனியில், படகுகள் கரையேறும் துறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் தலையில் கூடையோடு நடந்தே வளர்ந்தவள் அவள். பிறகு அதே பாதையில் மீன் வாங்கி வந்து, வாசலில் வாணலி வைத்துப் பொரித்து விற்றுத்தான் மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அந்தப் பாதைக்குக் குறுக்கே புதிதாக வந்த சுற்றுலா விடுதி மதில் எழுப்பி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது. 'இங்கே பாதை எக்காலத்திலும் இருந்ததில்லை' என்று பலகையும் மாட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு பாதையையே மறைத்தார்கள். பெண்கள் சதுப்புக்காட்டைச் சுற்றித் துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நல்ல மீனெல்லாம் லாரி ஏறிவிடும். வாணலிகள் காய்ந்து கிடந்தன.

மீன் பொரிக்கும் பெண்கள் சேர்ந்து 'நம் பாதை' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கொஞ்சம் நல்ல போன் வைத்திருந்த பாவத்துக்கு, சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தை நடத்தும் வேலை ரிசிகியின் தலையில் விழுந்தது. நிலச் சட்டத்தைப் பற்றிப் பத்தி பத்தியாகப் போட்டாள். சங்கத்துப் பெண்களைத் தவிர ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

எரிச்சலில் ஒரு நாள் லேசோவைக் கட்டிக்கொண்டு, மதில் முன்னால் முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துப் போட்டாள். லேசோ என்பது வெறும் துணி இல்லை. ஒவ்வொன்றிலும், கட்டினால் பின்பக்கம் தெரியும்படி ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். வாயால் திட்ட முடியாத ஆளைத் துணியால் திட்டுவது கடற்கரைப் பெண்களின் வழக்கம். ரிசிகி கட்டியிருந்ததில், 'அடுத்தவர் சோற்றில் கை வைத்தால் வயிறு நிறையாது' என்று இருந்தது.

பாழாய்ப்போன படத்தின் ஓரத்தில் மெஜுமா வீட்டு நீலக் கதவும் விழுந்துவிட்டது. மெஜுமாவும் மீன் பொரிப்பவள்தான். ரிசிகியின் வாடிக்கையாளர் ஒருவரை அவள் மடக்கிக்கொண்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சும்மா விடுவாளா? அன்று மாலையே அதே பக்கத்தில் மெஜுமாவின் முதுகு வந்தது: 'குரைக்கிற நாய்க்கெல்லாம் நான் கல் எறிவதில்லை.'

அவ்வளவுதான். மொம்பாசா, மலிந்தி, சான்சிபார் என்று கரை நெடுகப் பெண்கள் வந்து குவிந்தார்கள். பாதி பேர் ரிசிகி கட்சி, பாதி பேர் மெஜுமா கட்சி. சட்டத்துக்கு வராத கூட்டம் சண்டைக்கு வந்தது.

ரிசிகி நேரே போய் நீலக் கதவைத் தட்டினாள்.

"யாருடி நாய்?"

"படத்துல என் கதவு பளிச்சுன்னு தெரியுது. ஆரம்பிச்சது நீதானே!"

"அடிப் பைத்தியக்காரி! அது உனக்கு இல்லடி, மதிலுக்கு!"

மெஜுமா தலையில் அடித்துக்கொண்டாள். "அதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? எங்கிட்ட இருக்கிறதுலயே காரமான லேசோவை உன் மேல வீணாக்கிட்டேனே!"

சிரித்துச் சிரித்து ரிசிகிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சமாதானம் ஆயிட்டோம்னு போட்டுடவா?"

"போட்டுடாதடி, வந்த கூட்டம் கலைஞ்சிடும். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து அந்த இரும்புக் கதவுக்கு நேரா நிப்போம். அப்புறம் பாரு."

மறுநாள் இரண்டு முதுகுகள் நின்றன. அடுத்த வாரத்தில் சங்கம் மொத்தமும் நின்றது. ஊர் ஊராகப் பெண்கள் தங்கள் லேசோக்களைப் படம் பிடித்து அந்த மதிலுக்கென்றே அனுப்பினார்கள். விடுதியிலிருந்து ஆள் வந்தான்: பக்கத்தை அழிக்காவிட்டால் அவதூறு வழக்கு, ஜெயில். சங்கத்தில் சிலர் நடுங்கி, "அழிச்சிடுக்கா, எதுக்கு வம்பு?" என்றார்கள்.

"பாதையையும் குடுத்துட்டு வாயையும் குடுக்கணுமா? மாட்டேன்," என்றாள் ரிசிகி.

வட்டாரத்து அரசு அதிகாரியான சீஃப் எல்லோரையும் தன் அலுவலக வாசலுக்குக் கூப்பிட்டார். மீன் கிடைக்கும் நேரம் என்பதால் பெண்கள் கூடைகளோடு வந்தார்கள். மெஜுமா போனைத் தூக்கிப் பிடித்து, "எங்க ஆளுங்க நேரலையில பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நல்லா பாக்கட்டும்! இவங்க யோக்கியதை ஊருக்கே தெரியட்டும்," என்றார் விடுதி மேலாளர். படங்களை அச்சடித்து ஒரு கட்டாகக் கொண்டு வந்திருந்தார்.

"இதுல எங்கயாவது உங்க பேரு இருக்கா சார்?" என்று ரிசிகி கேட்டாள். "துணி கட்டுறது குத்தமா?"

"பேரு வேற போடணுமா? 'வழியை அடைத்தவன் வழி தெரியாமல் நிற்பான்'. இது எங்களைத்தானே சொல்லுது! கடலுக்குப் போற வழியை அடைச்சது நாங்கதான்னு கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இது குறுகுறுத்ததோடு நிற்காமல் கூவியும் விட்டது. சீஃப் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"எந்த வழி? வழியே இருந்ததில்லன்னுதானே எங்கிட்ட எழுதிக் குடுத்தீங்க?"

மெஜுமா போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"அதை நிறுத்து! வீடியோவை அழி!"

"நாங்க துணிதான் சார் கட்டினோம். வழின்னு சொன்னது உங்க வாய். அதை நான் எதுக்கு அழிக்கணும்?" என்றாள் மெஜுமா.

ரிசிகி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மதிலை நோக்கி நடந்தாள். பின்னாலேயே மொத்தச் சங்கமும் நடந்தது. விடுதிக் காவலாளியும் அதுவரை போனில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பூட்டைக் கழற்றிவிட்டிருந்தான்.