சுபநேரத்தில் ஓட்டிய வாள்

என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, மரவேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரத்தைப் பற்றி எல்லாம் தெரியும். எதை எப்போது தொடங்க வேண்டும், எந்தத் திக்கைப் பார்த்து நிற்க வேண்டும், எந்த நிமிடத்தில் கதவைத் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் பஞ்சாங்கத் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுவார். என் கல்யாணத்துக்கும் அவர்தான் நேரம் பார்த்தார். அந்த வருஷத்திலேயே அதைவிட நல்ல முகூர்த்தம் இல்லை என்றார். மூன்று வருஷத்தில் நான் பெட்டியோடு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தபோது, தாலி கட்ட இரண்டு நிமிடம் பிந்திவிட்டது என்று காரணமும் கண்டுபிடித்தார். என்னைக் கட்டியவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐம்பது வயதில் ஒபிஸ் வேலையை விட்டுவிட்டு, சாமிப் படங்களை வைக்கும் மரச் சாமித்தட்டுச் செய்து விற்கத் தொடங்கினேன். வெள்ளவத்தையில் கட்டுகிற ஃபிளாட்டுகளில் கார் நிறுத்த இரண்டு மாடி விடுவார்கள், சாமிக்கு ஓர் அடி விடமாட்டார்கள். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த இடுக்கிலும் கோயில் வாசல் மாதிரி வளைவு வேண்டும், மேலே தாமரை வேண்டும் என்பார்கள். கைவாளால் அந்த வளைவுகளை அறுத்து என் தோள்மூட்டு கழன்றது. அதனால்தான் ஒரு பாண்ட் சோ வாங்கினேன்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். இரண்டையும் சுற்றி, பல் வைத்த மெல்லிய இரும்புப் பட்டி ஒன்று வளையமாக ஓடும். அதுதான் வாள். நடுவில் ஒரு மேசை. மரத்தை மேசையில் வைத்துத் தள்ளினால் எந்த வளைவையும் அறுக்கலாம். வாள் சக்கரத்தின் நடுவில் ஓடும் வரைக்கும் அது நல்ல பிள்ளை. நடுவை விட்டு விலகினால் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மெஷினைக் கொட்டாஞ்சேனையில் அத்தானுக்குச் சொந்தமான பழைய ஸ்டோரில் இறக்கினோம். இடம் அவருடையது. அதனால் மூக்கை நுழைக்கும் உரிமையும் அவருடையது. மெஷினைப் பொருத்தவும் ஓட்டவும் தெமட்டகொடையிலிருந்து மரவேலை தெரிந்த ஓர் ஓடாவியை வேலைக்கு எடுத்தேன். முஸ்லிம் மனிதர், என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். அவருடைய இரண்டு கைகளிலும் பத்து விரலும் முழுசாக இருந்தன. இருபத்தைந்து வருஷம் வாள் மெஷினில் நின்றவருக்கு அது லேசான விஷயம் இல்லை. அவரைத் தெரிவு செய்ததற்கு அதுதான் காரணம்.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. நிலம் சரிந்திருக்கிறது என்று மெஷினின் நாலு காலுக்கும் கீழே ரப்பர் வைத்து மட்டம் பார்த்தார். இரண்டு சக்கரமும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று நீளச் சட்டம் ஒன்றைச் சாத்திப் பார்த்தார். மெஷினுக்கு மட்டும் தனி வயர் இழுத்து, சுவரில் சாவியோடு ஒரு மெயின் சுவிச் பெட்டி பொருத்துவித்தார். வாளின் இரண்டு பக்கமும் பிடிக்கிற கட்டைகளுக்கும் வாளுக்கும் இடையில் ஒரு கடதாசி போகிற அளவுதான் விட வேண்டும் என்று சொல்லி, உண்மையாகவே ஒரு கடதாசியைக் கிழித்துக் காட்டினார். மரம் எவ்வளவு தடிப்போ அதற்குச் சற்று மேலே வரைக்கும் வாளை மறைக்கிற காப்பை இறக்க வேண்டும், வெட்டி முடிக்கிற இடத்தில் விரலால் தள்ளக்கூடாது, தடியால் தள்ள வேண்டும் என்றார். வளையலைக் கழற்றச் சொன்னார், சால்வையை வீட்டில் விட்டு வரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். அத்தான் சொல்லுகிற எதற்கும் காரணம் கேட்க முடியாது. கேட்டால் அக்காவுக்குக் கோபம் வரும்.

வெள்ளிக்கிழமை மெஷினை ஓட்டுவதென்று இருந்தது. செவ்வாய் பின்னேரம் அத்தான் போன் பண்ணி, புதன்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு பதினொரு நாளைக்கு நல்ல நேரமே இல்லை என்றார். மேல் சக்கரத்துக்குப் புது ரப்பர் அன்றைக்குத்தான் ஒட்டியிருந்தது. வாளை இன்னும் மாட்டவேயில்லை. அதைச் சொன்னேன். "அது ஓடாவியின்ர வேலை, பிள்ளை. நேரம் பாக்கிறது என்ர வேலை" என்றார். கதை முடிந்தது.

புதன்கிழமை ஒன்பதரைக்குப் பார்த்தால் ஸ்டோரில் அத்தான் கூப்பிட்ட சொந்தக்காரர் இருபது பேர். பட்டுச் சேலைகள், வெள்ளை வேட்டிகள், ஒரு தட்டு வடை. மெஷினைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அதைச் சுற்றி நின்றார்கள். அத்தான் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஒரு சோடி தடித்த கையுறையும் வாங்கி வந்து, போட்டோவுக்காக ஓடாவியைப் போடச் சொன்னார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்ட ஓடாவி, கையுறையை மட்டும் மரியாதையாக ஓரத்தில் வைத்தார். வாள் பல் கையுறை நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும் என்றார். "பாதுகாப்பைப் பற்றி இவையளுக்கு ஒண்டும் விளங்காது" என்று அத்தான் கூட்டத்துக்குச் சொன்னார்.

ஐயர் பூசை செய்தார். அத்தான் தன் கையாலேயே சக்கரத்தின் ரப்பரில் சந்தனத்தைப் பூசினார். ஓடாவி துணியால் அதைத் துடைத்தார். அக்கா வாயில் கை வைத்தாள். உண்மையைச் சொன்னால் அங்கே புத்தியோடு நடந்துகொண்ட இன்னொரு மனிதர் ஐயர்தான். "பூசை நல்லபடியா முடிஞ்சுது, மெஷினை ஆறுதலாப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பம்பலப்பிட்டியில் வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். சாமிக்கு இல்லாத அவசரம் அத்தானுக்கு இருந்தது.

ஓடாவி வாளை மாட்டி, இழுப்பைக் கூட்டி, மேல் சக்கரத்தைக் கையால் சுற்றினார். வாள் முன்விளிம்புக்கு நகர்ந்து வந்தது. வாளை நடுவுக்குக் கொண்டுவரப் பின்னால் இருக்கிற திருகைக் கொஞ்சம் திருகினார், மறுபடி சுற்றினார். மறுபடியும் முன்னுக்கு வந்தது. சக்கரத்தை மூடும் கதவு திறந்தே கிடந்தது. அதை மூட அத்தான் விடவில்லை. கனடாவில் தூக்கம் முழித்துப் பார்த்துக்கொண்டிருந்த சொந்தக்காரருக்கு வீடியோவில் சக்கரம் சுற்றுவது தெரிய வேண்டுமாம்.

"பத்து மணி பத்து" என்றார் அத்தான், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

"மிஸ், பிளேட் இன்னம் நடுவுக்கு வரல்ல. முன்னுக்கு இழுக்குது. பத்து நிமிஷம் தாங்க" என்றார் ஓடாவி.

"பத்து நிமிஷத்தில நேரம் போயிடும். இவளுக்கு ஏற்கனவே ஒருக்காப் பிந்தினது காணும்" என்றார் அத்தான்.

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். அத்தானுடைய பஞ்சாங்கத்தை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. ஆனால் புருஷனை விட்டு வந்தவள், நேரம் கெட்டவள், எதைத் தொட்டாலும் விளங்காது என்ற பேச்சை அத்தனை பேரும் மறுபடி எடுப்பார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

ஓடாவி அத்தானைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"போடுங்கோ நானா" என்றேன்.

எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொன்னார். அரை அடி நகர்ந்தார்கள். இடது கையால் திருகைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுவிச்சைப் போட்டார். கைதட்டல் கேட்டது. வாள் இரண்டு மூன்று நொடி ஓடியிருக்கும். பிறகு 'டக், டக்' என்று ஒரு சத்தம். வாள் விளிம்புக்கு வந்துவிட்டதை ஓடாவி கண்டார். திறந்து கிடந்த சக்கரக் கதவுக்கு நேரே கூட்டம் நின்றது. அவர் சுவிச்சை நிறுத்திக்கொண்டே, கதவை அடித்து மூட இடது கையை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் வாள் கழன்று வெளியே பாய்ந்தது.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஓடாவியின் இடது ஆள்காட்டி விரல் எலும்பு வரைக்கும் வெட்டுப்பட்டிருந்தது. சேலைகளும் வேட்டிகளும் ஒரே ஓட்டமாக வாசலுக்குப் போய்விட்டன. அத்தானின் கையில் இருந்த போனிலிருந்து மட்டும், "ஒண்டும் தெரியேல்லை, கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ" என்று குரல் வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் விரலைக் காப்பாற்றினார்கள். ஆனால் நரம்பு அறுந்ததால் அது இனி மடங்காது என்றார்கள். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அத்தான் பெருமூச்சு விட்டு, "நல்ல நேரத்தில போட்டபடியால்தான் ஒரு விரலோட போச்சுது" என்றார். அக்கா தலையாட்டினாள். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதை அன்றைக்குச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

பிறகு அத்தானோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். மெஷின் நிற்கிற இடத்துக்கு வாடகை தருகிறேன், உள்ளே கால் வைக்கக்கூடாது என்றேன். அக்கா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. வீரம் காட்டிவிட்டேன் என்ற நினைப்பில், காயம் ஆறியதும் தெமட்டகொடைக்கு ஓடாவியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். கோப்பையைப் பிடித்தபோது ஓடாவியின் அந்த ஒரு விரல் மட்டும் மடங்காமல் நேரே நின்றது.

வேலைக்குத் திரும்பி வருவீர்களா என்று கேட்டேன்.

"வாறன் மிஸ். ஆனா மெயின் சுவிச் பெட்டிச் சாவி எனக்கிட்டத்தான் இரிக்கணும். வேற ஆருக்கிட்டயும் இரிக்கப்படா."

"அத்தான் இனி அந்தப் பக்கமே வரமாட்டார் நானா. நான் சொல்லிப்போட்டன். நீங்கள் பயப்பிட வேண்டாம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவர நான் ஒரு நாளும் நம்பல்ல மிஸ். நான் நம்பினது உங்கள."

சாவி என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.